நிழல் விழுந்த பக்கம்

அவளை எல்லாரும் கேட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். டிராக்டர்காரர்கள், பால் வண்டிக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், எல்லாருக்கும் அவள் கேட்டம்மாதான். ரயில் வருகிற நேரத்தில் எவன் வந்து ஹார்ன் அடித்தாலும் அசைய மாட்டாள். "உனக்கு அவசரம்னா ரயிலுக்கும் அவசரம்தானே? அது உன்னைவிடப் பெரிசு. பெரியவங்களுக்கு வழி விடு" என்பாள். கெஞ்சினால் சிரிப்பாள். அதட்டினால் காது கேளாதவள்போல் ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவில், தண்டவாளம் மண் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் இருந்தது அந்த கேட். பக்கத்தில் ஒற்றை அறை. உள்ளே ஒரு மேஜை, ஒரு முக்காலி, சுவரில் போன், ஆணியில் சுருட்டி மாட்டிய பச்சை சிவப்புக் கொடிகள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் வெளியே போய்க் கைப்பிடியைச் சுற்றுவாள். இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பம் இறங்கும். பூட்டிவிட்டுப் பச்சைக் கொடியோடு நிற்பாள். கடைசிப் பெட்டி போனதும் மறுபடி சுற்றுவாள். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த அவ்வளவில் ஒன்று தப்பினாலும் உயிர் போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் பஸ் டெப்போவில் மெக்கானிக். "எனக்கு வண்டி ஓடலைன்னா வேலை, உனக்கு வண்டி ஓடினா வேலை. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு கிடைக்கணும்னா உலகம் அழியணும்" என்பார். குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசித் தீர்த்து, பிறகு பேசாமலும் தீர்த்துவிட்டார்கள்.

விடியற்காலையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை அவள் பார்ப்பாள். இரண்டு மணிக்கு வருகிறவருக்குப் பச்சைக்கொடி என்று பட்டப்பெயர். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத மனுஷர். "அதுக்கென்ன, ஆகட்டும்" என்பது அவர் வாயிலேயே குடியிருந்தது. ராத்திரிக்கு இன்னொருவர் வருவார். அவருக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை.

பச்சைக்கொடியை அவள் அண்ணே என்று கூப்பிட்டாள். அவர் வாய்க்கு வாய் தங்கச்சி என்பார். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஒருமுறை டெப்போவில் ஜாக்கி சரிந்து மெக்கானிக்கின் கை நசுங்கியபோது, ஆஸ்பத்திரியில் அவள் பழியாகக் கிடந்தாள். அவள் கேட்காமலேயே அத்தனை நாளும் தன் நேரத்தோடு அவள் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தவர் பச்சைக்கொடிதான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, நின்றுகொண்டே தூங்கினாராம். அவள் நன்றி சொல்லப் போனபோது, "அண்ணன்னு கூப்பிட்டுட்டு நன்றி வேற சொல்றியா? ரெண்டுல ஒண்ணை வெச்சுக்கோ" என்றார். அவள் அண்ணனை வைத்துக்கொண்டாள்.

அவளை வரைய வைத்ததும் அவர்தான். அவர் மகள் பள்ளியில் படிக்கும்போது வாங்கிய ஆயில் பெயின்ட் பெட்டி வீட்டில் சும்மா கிடந்தது. பாதி பிதுக்கிய ட்யூப்கள், முடி உதிர்ந்த இரண்டு பிரஷ்கள். ஒருநாள் அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, பேப்பர்ல சும்மா கோழியும் பூவுமா கிறுக்கிட்டு இருந்தியே, இந்தா. தூக்கிப் போடறதுக்கு உன்கிட்ட குடுத்தா புண்ணியம்."

"எனக்கு என்னண்ணே தெரியும் இதெல்லாம்?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? மூடியைத் திற, பிதுக்கு, பூசு. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரிதான்."

சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கேட்டிலிருந்து தெற்கே பார்த்தால் வெட்டவெளி. இடது பக்கம், கிழக்கே, ஒரு கால்வாய். வலது பக்கம் வரிசையாகச் சில மரங்கள். நடுவில் வயல். தூரத்தில் யாரோ கட்டிவிட்டு மறந்துபோன ஒரு தகரக் கொட்டகை. பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆனால் அதைத்தான் அவள் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயல் பச்சை என்று நினைத்திருந்தவள் பச்சையைப் பூசிப் பார்த்தாள். பொருந்தவில்லை. உற்றுப் பார்த்தபோது அதில் மஞ்சள் இருந்தது, மரத்தடியில் ஊதா இருந்தது, கால்வாயோரம் கத்தரிக்காய்த் தோலின் நிறம்கூட இருந்தது. கட்டின புருஷனுக்கு இத்தனை வருஷம் கழித்துக் காதோரம் மச்சம் இருப்பதைப் பார்த்தவள்போல் ஆகிவிட்டாள்.

டியூட்டி நேரத்தில் பிரஷ்ஷைத் தொட மாட்டாள். அது அவளுக்கு அவளே போட்டுக்கொண்ட சட்டம். இரண்டு மணிக்குப் பச்சைக்கொடி வந்து பொறுப்பை வாங்கிக்கொண்ட பிறகு, முக்காலியை வெளியே போட்டு, பழைய பிளைவுட் பலகையை மடியில் சாய்த்து உட்கார்வாள். மாலை வெயில் வயலில் சாய்ந்து படுக்கும் நேரம் கொஞ்சம்தான். ஒரு நிறத்தைக் குழைத்து முடிப்பதற்குள் அந்த நிறம் வயலை விட்டுப் போயிருக்கும். அதனால் கோடு போட்டு, உள்ளே நிரப்பி, அழகு பார்க்கிற வேலையெல்லாம் அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. கண்ணில் பட்டதைத் திட்டுத் திட்டாக வைத்துக்கொண்டே போனாள். கிட்டே வைத்துப் பார்த்தால் எதுவும் புரியாது. மெக்கானிக் முதலில் பார்த்தபோது, "இது எங்க டெப்போ தரை மாதிரியே இருக்கே. எங்கே எண்ணெய் ஒழுகுது?" என்று கேட்டார். பலகையை அறைச் சுவரில் சாய்த்து வைத்து, அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் நிறுத்தினாள். அங்கிருந்து அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கொட்டகைத் தகரம் சுடுதுடி" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவள் பல நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அந்தச் சமயத்தில் பச்சைக்கொடி வீடு கட்ட ஆரம்பித்தார். கேட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். வீட்டுக்காரர் போய்த் தலையைக் காட்டவில்லை என்றால் கொத்தனார் வேலை நடக்காது என்பது உலகம் அறிந்த விஷயம்.

"நீ இங்கதானே உக்காந்திருக்கே தங்கச்சி? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன். போன் வந்தா கொஞ்சம் எடுத்துக்கோ."

அந்த ஒரு எட்டு நாளடைவில் பல எட்டாக நீண்டது. அஸ்திவாரம் போட்ட நாளில் கொஞ்ச நேரம், சுவர் எழும்பிய நாளில் ஒரு மணி நேரம், மேல்தளம் போட்டபோது மாலை வரைக்கும். போன் வந்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டை இறக்குவாள். அவருடைய நேரத்தில் அவள் கேட் போட்டாள். தப்பு என்று தெரியும். ஆனால் கை நசுங்கிய புருஷன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த நாட்கள் நினைவுக்கு வரும். இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன தங்கச்சி என்று தோன்றும். ஸ்டேஷனிலிருந்து கேட்டால், "அண்ணன் வெளியே கொடியோட நிக்கறாரு" என்பாள். மெக்கானிக்கிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை. "யாருக்கும் தெரிய வேணாம்மா" என்று பச்சைக்கொடி கேட்டிருந்தார்.

வீடு முடிந்தது. குடி போவதற்கு முன்னால் அவரே வாய்விட்டுக் கேட்டார். "ஹால்ல மாட்ட உன் படம் ஒண்ணு குடு. அந்த வயல் படம். எத்தனையோ வரைஞ்சிருக்கே, அதுதான் உசுரோட இருக்கு."

அவளுக்கும் அதுதான் உயிர். கொடுத்த பிறகு வீட்டுச் சுவர் மூளியாக இருந்தது. ஆனால் புது வீட்டுக்குப் போனபோது, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, நல்ல வெளிச்சத்தில் அது மாட்டியிருந்தது. வந்தவர்களையெல்லாம் பின்னால் தள்ளி நிற்க வைத்து, "இங்கருந்து பாருங்க, எங்க தங்கச்சி வரைஞ்சது" என்று அவர் காட்டினார். அவள் சாப்பிடாமலேயே வயிறு நிறைந்து வீடு திரும்பினாள்.

அடுத்த மாதமே விபத்து நடந்தது.

அன்று மெக்கானிக்குக்குக் காய்ச்சல். இரண்டு மணிக்குப் பச்சைக்கொடி வந்ததும், "அண்ணே, இன்னிக்கு நான் நிக்கல. வீட்ல அவருக்கு உடம்பு அனலா கொதிக்குது" என்றாள். "போம்மா, முதல்ல போ. நான் பாத்துக்கறேன்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நாலு மணி வாக்கில் ஒரு சரக்கு ரயில் வந்தது. ஸ்டேஷனிலிருந்து அடித்த போனைக் கேட்டில் எடுக்க ஆளில்லை. போன் எடுக்காததால், மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரை எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார்கள். அவரும் ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு ஊர்ந்துதான் வந்தார். அப்படியும், கேட் திறந்திருக்கிறதே என்று நம்பி ஏறிய டிராக்டரின் பின்வண்டியில் ரயில் இடித்துவிட்டது. டிராக்டர் ஓட்டியவன் குதித்ததில் கால் முறிந்தது. உயிர் தப்பியது அவன் பாக்கியம். பச்சைக்கொடி அப்போது புது வீட்டில், கசிகிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கொத்தனாரோடு நின்றிருந்தார்.

விசாரணை என்று ஓலை வந்தது. அதற்கு முதல் நாள் காலை பச்சைக்கொடி அவள் வீட்டுக்கு வந்தார். கையில் பழம். முகத்தில் ஈ ஆடவில்லை.

"உன்னை நம்பித்தான் வந்திருக்கேன். நான் வயித்துவலின்னு சொல்லப் போறேன். பின்பக்கம் ஒதுங்கினேன், போன் சத்தம் கேக்கல, அவ்வளவுதான். ஆனா வீடு கட்டினப்ப நீ பாத்துக்கிட்ட விஷயம் வெளியே வந்துச்சுன்னா என் வேலையே போயிடும். உனக்கும் வில்லங்கம். அதனால நீ டியூட்டி முடிஞ்சதும் ஒருநாள்கூட அங்க நின்னதில்லன்னு சொல்லிடு. பேச்சே வளராது."

"பொய் சொல்லணுமாண்ணே?"

"அன்னிக்கு நீ நின்னியா? இல்லையே. அன்னிக்கு நின்னதில்லங்கறது உண்மைதானே. அதையே கொஞ்சம் சேத்துச் சொல்லு."

காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கு அவர்கள் பேச்சின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பச்சைக்கொடி போன பிறகு, "என்னடி, என்ன சேத்துச் சொல்லணுமாம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள். நசுங்கி வளைந்துபோன அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை ஜங்ஷன் ஆபீஸ் மாடியில் நடந்தது. நீளமான மேஜை. அதற்குப் பின்னால் அதிகாரி. கத்துகிற ஆள் இல்லை. கேள்வியை மெதுவாகக் கேட்டு, பதில் முடிகிற வரை காத்திருக்கிற ஆள். முதலில் அவளைக் கூப்பிட்டார்.

"ரெண்டு மணிக்குப் பொறுப்பைக் குடுத்துட்டுக் கிளம்பிட்டீங்க. சரி. மத்த நாள்ல அங்க நிக்கற வழக்கம் உண்டா?"

"இல்லைங்க சார். முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடுவேன்."

"ஒருநாள்கூட நின்னதில்ல?"

"நின்னதில்லைங்க சார்."

அடுத்து பச்சைக்கொடி உள்ளே வந்தார். கையில் பழைய போர்வையில் சுற்றிய சதுரமான ஒரு பொருள். அவள் பார்த்தாள். அதன் அளவு அவள் மடிக்குத் தெரியும். இருந்தும், அது என்ன என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. அவர் போர்வையை அவிழ்த்து, சுவரோரம் நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சார், என் மேலயும் தப்பு இருக்கு. நான் மறைக்கல. அன்னிக்கு வயித்துவலி தாங்கல. இவங்க வெளியே உக்காந்து படம் வரைஞ்சிட்டு இருந்தாங்க. 'நீங்க போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்'னு சொன்னாங்க. அந்த வார்த்தையை நம்பிப் போனேன். தினமும் அங்கதான் உக்காந்து வரைவாங்க. இதோ, அங்க வரைஞ்ச படம்தான். எனக்கே குடுத்தாங்க."

தங்கச்சி என்று வரவில்லை. இவங்க என்று வந்தது.

அதிகாரி எழுந்தார். படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, நாலு அடி பின்னால் வந்து நின்று பார்த்தார். இத்தனை நாளில் தானாகப் பின்னால் நகர்ந்து பார்த்த முதல் ஆள் அவர்தான். அந்தக் கணத்தில்கூட, வெட்கக்கேடாக, அவள் மனசு ஒரு துள்ளு துள்ளியது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். "இதுல வெளிச்சம்தான் விஷயமே, இல்லையா? நான் போய் அந்த இடத்தைப் பாத்துட்டு வந்தேன். கால்வாய் கிழக்கு. மரங்க மேற்கு. படத்துல மரத்தோட நிழல் எந்தப் பக்கம் விழுது?"

அவரே விரல் நீட்டிக் காட்டினார்.

"கால்வாய்ப் பக்கம் விழுது. வயல்ல பாதி வரைக்கும் நீண்டு விழுது. அப்ப சூரியன் நல்லா மேற்க இறங்கியிருக்கணும். நாலு மணியாவது ஆகியிருக்கணும். ஒருநாள்கூட அங்க நின்னதில்லன்னு சொன்னீங்க."

அந்த நிழலை அவள் எவ்வளவு பாடுபட்டுப் பிடித்தாள்! எத்தனை சாயங்காலம் அதற்காகக் காத்திருந்தாள்! கொஞ்சம் மழுப்பி வைத்திருந்தால், கொஞ்சம் தப்பாகப் பூசியிருந்தால், இன்று அது ஏதோ ஒரு நேரத்து வயலாக இருந்திருக்கும். தப்பாக வைக்க அவளுக்கு மனசு வரவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வீடு கட்டினது, அவர் போனது, அவள் கேட் போட்டது, முதல் நாள் பழத்தோடு வந்தது. அணை உடைந்த மாதிரி கொட்டியது. ஆனால் நல்ல நேரத்தில் சொல்லாத உண்மை, கெட்ட நேரத்தில் சொன்னால் பழிவாங்குகிற மாதிரித்தான் கேட்கிறது. பச்சைக்கொடி தலையைக் குனிந்துகொண்டு, "ஆத்திரத்துல சொல்றாங்க சார். பாவம்" என்றார். அந்தப் பாவம்தான் அவளை அறைந்தது.

விபத்து நடந்த அன்று அவள் வீட்டில்தான் இருந்தாள் என்று, மறுநாள் கூப்பிட்டு விசாரித்தபோது மெக்கானிக் சொன்னதும் எடுபடவில்லை. புருஷன் சொல்வது சாட்சியாகாது என்றார்கள். கால் முறிந்தவனுக்கு ஹார்ன் சத்தத்தைத் தவிர எதுவும் நினைவில்லை.

அவள் சொல்லி முடித்து அன்று வெளியே வரும்போது அதிகாரி தனியாக ஒரு வார்த்தை சொன்னார். "முதல்லயே இதைச் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்மா." அவர் நல்லவர்தான். அதனால்தான் அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் முழுக் கதையையும் சொன்னாள். அவர் முதலில் அவள் மேல்தான் கோபப்பட்டார். இத்தனை மாசமாக என்னிடம்கூட மறைத்தாயே என்று கத்தினார். கத்தி முடித்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "போய் அந்த ஆள் வீட்டுக் கதவைப் பேத்து எடுத்துட்டு வரேன்."

"வீட்டையே நான் காவல் இருந்து கட்ட வெச்சேன். கதவு மட்டும் எதுக்கு? வைங்க அதை" என்றாள். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஒரே ஒரு தடவை அவள் பச்சைக்கொடி வீட்டுக்குப் போனாள். சண்டை போட அல்ல. ஏன் என்று கேட்க. ஒரே கேள்வி. வாசலில் அவர் செருப்பு கிடந்தது. கதவைத் திறந்த அண்ணி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"அவர் இல்லியே."

அவள் செருப்பைப் பார்த்தாள். அண்ணியும் செருப்பைப் பார்த்தாள். அண்ணியின் தோளுக்கு மேலே ஹால் சுவர் தெரிந்தது. ஆணி மட்டும் இருந்தது.

"படத்தைக் கழட்டினப்ப நீங்க இருந்தீங்களா அண்ணி?"

அண்ணி புடவை நுனியை விரலில் சுற்றினாள். "எங்களுக்கும் பொண்ணு ஒண்ணு இருக்கில்லம்மா. உங்களுக்குன்னா… நீங்க ரெண்டு பேருதானே. எப்படியும் சமாளிச்சுக்குவீங்க."

பிள்ளை இல்லாதவர்களுக்கு இழக்க என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு நொடி பயத்தில் உளறிய வார்த்தை இல்லை அது. புருஷனும் பெண்டாட்டியுமாகக் கணக்குப் போட்டு, அவள் பெயரைக் கழித்திருக்கிறார்கள். கழித்த பிறகுதான் பழம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நின்றதில்லை என்று சொல்லச் சொன்னதே, அதைப் படத்தை வைத்து உடைப்பதற்குத்தான். இது அந்த வாசலில் நிற்கும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

தீர்ப்பு வந்தது. பொய் சொன்னதற்கும் பொறுப்பில்லாமல் நடந்ததற்கும் அவளைக் கேட்டிலிருந்து எடுத்து ஜங்ஷனில் பார்சல் ஆபீசுக்கு மாற்றினார்கள். சம்பள உயர்வு நிறுத்தம். தப்பை மறைக்காமல் ஒப்புக்கொண்டார் என்று பச்சைக்கொடிக்குக் கண்டிப்பு மட்டும். அவர் அதே கேட்டில் இருந்தார்.

பார்சல் ஆபீஸ் இருட்டான பெரிய கூடம். சணல் வாசமும் மீன் கூடை வாசமும் கலந்து அடிக்கும். மூட்டையை எடை போட வேண்டும், சீட்டு ஒட்ட வேண்டும், தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். ஜன்னல் ஒன்று உண்டு. அதற்கு எதிரே இன்னொரு சுவர். முதல் சில மாதம் ரயில் சத்தம் கேட்டாலே கை தானாகச் சுழலும். கைப்பிடி தேடும். கூட வேலை பார்க்கிறவர்கள் அவளைப் பார்சலம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

படம் ஆபீசிலேயே தங்கிவிட்டது. யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்தவளுக்கா, கொண்டுவந்தவருக்கா? கடைசியில் மாடி வராந்தாவில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே மாட்டினார்கள். வராந்தா குறுகல். பின்னால் நகர்ந்து பார்க்க இடமில்லை. தண்ணீர் பிடிக்கிறவர்கள் மூக்குக்கு நேரே பார்த்துவிட்டு, "என்ன கருமமோ, ஒண்ணும் புரியல" என்று போவார்கள். சம்பள விஷயமாக மாடிக்குப் போகிற நாளில் அவளும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பிறகு ஒருநாள் நின்றாள். படத்தின் மேல் கோபம் இல்லை என்பது தெரிந்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அது பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறது. அதைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சாட்சிக்கூண்டில் ஏற்றிய கையைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மெக்கானிக் ஒரு புதுப் பெயின்ட் பெட்டி வாங்கி வந்து அலமாரியில் வைத்தார். அவள் அதைத் திறக்கவில்லை. தூக்கியும் போடவில்லை. தூசி தட்டுகிறபோது அதையும் சேர்த்துத் தட்டுவாள்.

வருஷங்கள் போயின. ஒருநாள் காலை, வேலை நெரிசலில், பார்சல் கூடத்தின் வாசலில் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அவரும்தான்.

"ரிட்டயர் ஆயிட்டேம்மா" என்றார். "பொண்ணு வீட்டோட போய் இருக்கப் போறோம். வீட்டை வித்தாச்சு. சைக்கிளை மட்டும் ரயில்ல போடலாம்னு…"

அவள் சைக்கிளைத் தராசில் ஏற்றினாள். சக்கரம் உருளாமல் இருக்கக் கட்டையை வைத்தாள்.

"எப்படிம்மா இருக்கே? வீட்ல அவர் சௌக்கியமா?"

"இருக்கோம்."

அவர் நின்ற காலை மாற்றிக்கொண்டார். சுற்றிலும் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார்.

"நான் செஞ்சது மன்னிக்க முடியாததுதான். எத்தனையோ தடவை வரணும்னு கிளம்பியிருக்கேன். பாதி வழில திரும்பிடுவேன். ரெண்டு பேரும் முழுகறதுக்கு ஒருத்தராவது கரையேறட்டும்னு அப்ப தோணுச்சு. புத்தி அப்படிப் போச்சு. நீ என்னை நாலு வார்த்தை திட்டிடு தங்கச்சி. நான் நிம்மதியாப் போய்ச் சேருவேன்."

அவளுக்குத் திட்டத் தெரியாமல் இல்லை. அத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த திட்டு, மூட்டை மூட்டையாக இருந்தது. ஆனால் அவர் கேட்கிறார். திட்டினால் சுமை இறங்கும், லேசாகப் போய்விடுவார் என்று தெரிந்தது. அவள் எடையைப் பார்த்தாள், சீட்டை எழுதினாள், பசை தடவிச் சைக்கிள் கம்பியில் ஒட்டினாள்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்" என்றாள்.

அவர் பேனாவை வாங்கினார். போட்டார். பிறகு, போக மனமில்லாமல், "அந்தப் படம்… எங்க இருக்கு இப்ப?" என்றார்.

"மாடில, வராந்தால. அந்தப் படியேறிப் போங்க சார். யார் வேணும்னாலும் பாக்கலாம்."

அவர் படியைப் பார்த்தார். ஏறவில்லை. கூட்டத்தில் கலந்து வெளியே போனார். அவள் அடுத்த மூட்டையை இழுத்தாள்.

அன்று சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள்.

"அவர் வந்திருந்தாரு இன்னிக்கு. சைக்கிள் போட."

மெக்கானிக்கின் கை தட்டிலேயே நின்றது. "என்ன சொன்னாரு?"

"திட்டச் சொன்னாரு."

"திட்டினியா?"

"இல்ல. சார்னு கூப்பிட்டேன்."

அவர் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.